உள்ளடக்கமும் இணையச் சமூகமும்: தென்கிழக்குப் பல்கலைக்கழகம்

இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவிலில் அமைந்துள்ளது. போர்ச்சூழலால் யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமற்போன முஸ்லிம் மாணவர்களை முன்னிட்டு, அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் தனியே இயங்குகிறது. கலைத்துறையில் தமிழ்வழிப் படிப்பு வழக்கிலிருக்க, விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அப்பீடங்களுக்குத் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மாணவரும் வருகிறார்கள். இடமும் மொழியும் பிரித்துவைத்திருக்கும் இவர்களை இணையத்தில் ஒரு சமூகமாக்க, பட்டமளிப்பு விழாப் படங்களும் அறிவித்தல்களும் போதா. படிப்பவர் தாமும் சேர்க்கவும் திருத்தவும் இடம் விடும் உள்ளடக்கமே அதைச் செய்யும்.

இந்த இருவகை உள்ளடக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொவிட் காலம் வெளிச்சமாக்கியது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டதும், உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வழியே சூம் செயலியும் மூடில் என்ற கற்றல் தளமும் விரிவுரைகளைத் தாங்கின. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கான டேட்டாவை இலவசமாக்கின. 2022இல் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டுக்கு நடுவிலும் இணையவழி வகுப்புகள் நடந்தன. படிப்பு அறுந்துபோகவில்லை என்பது சிறிய சாதனை அல்ல. ஆனால் மூடில் ஒரு பாடநெறிக்கும் அதில் பதிந்தோருக்கும் கட்டுப்பட்டது. பரீட்சை முடிந்தால் அங்கே திரும்பிவர எவருக்கும் காரணமில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைத் திரட்ட 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் வேறுவகை. சம்பளமோ புள்ளியோ தராமலே அவை ஆட்களைச் சேர்த்தன, ஏனெனில் அங்கே செய்யாமல் கிடந்த வேலை கண்முன்னே தெரிந்தது. இணையத்துக்கு முன்பே இதே கரையோரத்துக் கல்முனைக்கு இது தெரியும்: 1960களின் இறுதியில் கவிஞர் எம். ஏ. நுஃமான் நடத்திய 'கவிஞன்' இதழைச் சுற்றி எழுதுவோரும் வாசிப்போரும் கூடியது, இதழில் தமக்கும் ஒரு பக்கம் கிடைக்கும் என்பதால்தான்.

ஒலுவிலைச் சுற்றி அப்படிக் கிடக்கும் வேலை ஏராளம். மருதமுனைக் கைத்தறியில் பாவோட்டுவது முதல் சாயமிடுவது வரையான செய்முறை, வயல் வட்டைகளில் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர் பங்கிடும் ஒழுங்கு, முதிய பெண்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் நாட்டார் கவிகள், 2004 சுனாமியில் கரையோடு போன தெருக்களின் வரைபடம். தறியின் பாகங்களைப் பொறியியல் மாணவர் வரையலாம். பெயர்களைத் தமிழ் மாணவர் கேட்டெழுதலாம். சிங்கள விளக்கத்தைக் காலியிலிருந்து வந்தவர் சேர்க்கலாம். தவறாக எழுதிய பெயரைத் திருத்தும் மருதமுனை நெசவாளரும் அப்போது அந்தச் சமூகத்துக்குள் வந்துவிடுவார். அந்தத் திருத்தம் தரும் அறிவை எந்தப் பாடத்திட்டமும் தராது.

ஒவ்வொரு தொகுதி மாணவருக்கும் வட்ஸ்அப் குழு இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். குழு வேகமானது, ஆனால் நேற்றைய செய்தியை இன்று அதில் தேடியெடுப்பதே கடினம், அடுத்த வருடம் வரும் மாணவருக்கோ அது பூட்டிய வீடு. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளே பல்கலைக்கழகத்தின் தரவரிசையை உயர்த்தும், தமிழில் உழைப்பது வீண் என்பது இன்னொரு வாதம். தரவரிசையைப் பொறுத்தமட்டில் அது சரியே. எனினும் உள்ளூர்த் தரவு ஒழுங்காகத் தொகுக்கப்பட்டால் அந்த ஆங்கிலக் கட்டுரைக்கும் அதுவே மூலப்பொருள்.

கனமான ஆட்சேபம் வதந்தி பற்றியது. 2018 பெப்ரவரி 26 அன்று அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகப் பரவிய பொய் பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் தாக்குதலாக முடிந்தது. அது தொடர்பான காணொளி முகநூலில் ஓடியது. உணவில் இருந்தது மாவுக்கட்டியே என்று அரச பகுப்பாய்வில் தெரியவந்தது, ஆனால் சேதம் நடந்த பிறகு. அடுத்து கண்டியில் வன்முறை வெடித்தபோது அரசு சமூக ஊடகங்களை ஒரு வாரமளவு முடக்கியது. யாரும் எதையும் சேர்க்கலாம் என்ற ஏற்பாட்டை இந்த மாவட்டத்தில் பரிந்துரைக்கத் தயக்கம் வருவது இயல்பு. ஆயினும் அந்தக் காணொளி பரவியது பங்கேற்பு மிகுந்ததால் அல்ல, எவரும் பொறுப்பேற்காத இடத்தில் அது உலவியதால். சேர்ப்பவரின் பெயர், தகவல் வந்த வழி, முந்தைய வடிவம் மூன்றும் பக்கத்திலேயே தெரிய வேண்டும்; சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த மட்டுறுத்துநர் இருக்க வேண்டும். மாணவர் சில வருடங்களில் வெளியேறுவதால் இந்தப் பொறுப்பை மாணவர் சங்கங்களிடம் விடாமல், ஆய்விதழ்களையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்கெனவே பேணிவரும் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைப்பதே பொருத்தம்.