அயர்லாந்தின் வட்ட மண்கோட்டைகள்: நாட்டார் நம்பிக்கைகள்

அயர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் வட்டமான மண்கரையும் அதைச் சுற்றிய அகழியுமாக எஞ்சி நிற்கும் பழைய குடியிருப்புகளே வட்ட மண்கோட்டைகள். இவை ஏறத்தாழ 45,000 என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்டவை. குறுக்களவு பொதுவாக 30 மீட்டர் அளவில் இருக்கும். கோட்டை என்பது பெயரளவில்தான். உள்ளே இருந்தவை உழவர் வீடுகள். மாடே செல்வமாக இருந்த அக்காலத்தில் ஆநிரை கவர வருவோரைத் தடுக்கக் கரை உதவியது.

கட்டியவர்களை ஊர் மறந்தபின் கதைகள் அங்கே குடியேறின. டேனியர் கட்டியவை என்றனர் சிலர். மனிதரிடம் தோற்று நிலத்தடியில் ஒதுங்கிய ‘டூஅஹ டே டானன்’ என்னும் தொல்லினத்தார் அங்கே வாழ்வதாகப் பலர் நம்பினர். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அஞ்சி ‘நல்லவர்கள்’ என்றே குறிப்பிட்டனர். பல கோட்டைகளின் அடியில் பொருள் சேமிக்கவும் ஒளியவும் அமைத்த கற்சுரங்கங்கள் உண்மையிலேயே உண்டு. ஏர் முனையில் அவை திறந்துகொண்டபோது நம்பிக்கை வலுத்திருக்கும்.

கரையைத் தோண்டக்கூடாது, அங்குள்ள முள்மரத்தை வெட்டக்கூடாது; மீறினால் மாடு சாகும், கைகால் விளங்காமல் போகும் என்றனர். தாமஸ் கிராஃப்டன் குரோக்கர் 1825இல் வெளியிட்ட தொகுப்பில் கனிவான கதையும் உண்டு. நாக்கிராஃப்டன் மேட்டுக்குள் கிழமைப் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பாடும் குரல்களைக் கேட்ட கூனன் ஒருவன், அடுத்த கிழமையைச் சேர்த்துப் பாடுகிறான். மகிழ்ந்தவர்கள் அவன் கூனை நீக்குகிறார்கள்.

இந்த நம்பிக்கை உயிரையும் பறித்தது. 1895இல் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிட்ஜட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் எரித்துக் கொல்லப்பட்டார். எரித்தது மனைவியை அல்ல, நல்லவர்கள் அவளுக்கு மாற்றாக விட்டுச்சென்ற போலியை என்றார் கணவர். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று அருகிலிருந்த மண்கோட்டையில் இரவில் காத்திருந்தார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

1937–39இல் சுமார் 5,000 பள்ளிகளின் மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஏடுகளில் இக்கதைகள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன.

சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கோட்டைகளைக் காத்தது அச்சம்தான். அது தளர்ந்து, மண்வாரி இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின் பல கோட்டைகள் தரைமட்டமாயின. 1930ஆம் ஆண்டின் தேசிய நினைவுச்சின்னச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாதுகாப்பு அளித்தன. கெர்ரி மாவட்டத்தில் ஒரு மண்கோட்டையை அழித்த நில உரிமையாளருக்கு 2012இல் 25,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.