கிமோனோ: பெயர் ஜப்பானுடையது, துணி யாருடையது?

நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு எடுக்க மகளோடு போயிருந்தேன். கடைத் தம்பி ஒரு அபாயாவை விரித்துக் காட்டி, "இது கிமோனோ மொடல் சேர், இப்ப இதுதான் ஓடுது" என்றார். முன்பக்கம் முழுக்கத் திறந்தது, அகலமான நேர்க்கை, இடுப்பில் ஒரு பட்டி. "ஏன் தம்பி இதுக்கு கிமோனோ என்று பேர்?" என்று கேட்டேன். "டுபாய்ல இருந்து அப்படித்தான் வருது சேர்" என்றார். மகள் என் கையைக் கிள்ளினாள். வாப்பா கடையிலும் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அங்கே எடுக்காத பாடத்தை இங்கே எடுக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிமோனோ என்ற சொல்லுக்கு 'உடுக்கும் பொருள்' என்பதற்கு மேல் அர்த்தமில்லை. நாம் உடுப்பு என்று சொல்வது போலத்தான். அதன் முன்னோடிக்குப் பெயர் கொசொதே, அதாவது சிறிய கை. பழைய அரசவைப் பெண்கள் அடுக்கடுக்காக அணிந்த பட்டு அங்கிகளுக்கு உள்ளே போட்ட சட்டை அது. நூற்றாண்டுகள் போகப் போக மேலடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 16ஆம் நூற்றாண்டளவில் உள்ளே இருந்தது வெளியே வந்து எல்லோருக்குமான உடுப்பாகிவிட்டது. இடது பக்கத்தை வலது பக்கத்துக்கு மேலாக மடிக்க வேண்டும் என்ற விதியும் சீனாவைப் பார்த்து 719இல் அரசு போட்ட கட்டளைதான். மாற்றி மடிப்பது மையித்துக்கு மட்டும். இது தெரியாமல் சுற்றுலா போகிறவர்கள் மாற்றி உடுத்துப் படம் எடுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

தையல் தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் சட்டை தைத்தால் தோள் வளைவு, அக்குள் வளைவு, கழுத்து வளைவு என்று துணியை உடம்புக்கு ஏற்றபடி வெட்டுகிறோம். கீழே துண்டுகள் குவிகின்றன. கிமோனோவுக்கு ஒரு சுருள் துணி போதும். அகலம் 36 சென்ரிமீற்றர் அளவு, நீளம் சுமார் 12 மீற்றர். அதை நேர்கோட்டில் மட்டும் வெட்டி, உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன் மடிப்புக்கு இரண்டு, கொலருக்கு இரண்டு என்று எட்டு நீள்சதுரத் துண்டுகள் எடுப்பார்கள். வீணாவது எதுவுமில்லை. நன்றாகக் கழுவ வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்து மறுபடி நீளத் துணியாக்கிக் கழுவி, திரும்பவும் தைப்பார்கள். பிள்ளை வளர்ந்தால் தோளில் போட்ட மடிப்பை அவிழ்த்துவிட்டால் சரி. துணியை உடம்புக்காக வெட்டாமல் தோளிலிருந்து தொங்கவிடுகிற இந்த எண்ணம்தான் பின்னர் உலகம் சுற்றியது. பூவும் கொக்கும் அதோடு போன அலங்காரம்.

எடோ காலத்தில் (1603–1868) வியாபாரிகள் கையில் பணம் சேர்ந்தது, ஆனால் சமூகப் படியில் அவர்கள் கடைசி. சாமுராய்களை விட ஆடம்பரமாக அவர்கள் உடுப்பதை ஆட்சியாளர்களால் பொறுக்க முடியவில்லை. 1683இல் வந்த சட்டம் ஒன்று பெண்களின் உடுப்பில் பொன் வேலை, நூலால் செய்யும் பூவேலை, முழுக்க முடிச்சுப் போட்டுச் சாயமிட்ட துணி எல்லாவற்றையும் தடுத்தது. மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பசையால் கோடு வரைந்து சாயம் தீட்டும் யூசென் என்ற கலையை வளர்த்தார்கள். பத்திக்கில் நாம் மெழுகைப் பூசுவது போல. சட்டத்தில் அதற்குத் தடை இல்லையே! இன்னும் சிலர் வெளியே சாம்பல், மண்ணிறம், கருநீலம் என்று ஏழை போல உடுத்தி, உள்ளே விலையுயர்ந்த பட்டை அஸ்தராக வைத்துத் தைத்தார்கள். கையை உயர்த்தும்போது ஒரு கணம் தெரியும். அடக்கமாகத் தெரிவதே நாகரிகம் என்று ஆனது. சட்டம் போட்டு உடுப்பைத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். உடுப்பவர்களின் புத்தி அவர்களை முந்திவிடுகிறது.

அந்த எடோ நகரத்து ஆட்கள் பெரிதும் விரும்பிய கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றின் பெயர் 'சன்தொமே'. சொல்லிப் பாருங்கள். சாந்தோம்! சென்னை மயிலாப்பூரை அண்டி போர்த்துக்கேயர் அமைத்த சாந்தோமின் பெயர்தான் அது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி கப்பலேறி ஜப்பானில் கிமோனோவாகியது. பிறகு ஜப்பானியரே அதைப் போல நெய்யவும் பழகிக்கொண்டார்கள்.

அந்தத் துணியைப் பின்னாளில் கொண்டுபோனவர்கள் எமக்கும் தெரிந்த ஒல்லாந்தர். காலியையும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த அதே கம்பனி. 1641 முதல் நாகசாக்கித் துறைமுகத்தின் தெஜிமா என்ற சின்னத் தீவில் வியாபாரம் செய்ய விடப்பட்ட ஐரோப்பியர் அவர்கள் மட்டும்தான். ஜப்பானிய ஆட்சியாளர் அவர்களுக்குப் பஞ்சு வைத்த பட்டு அங்கிகளைப் பரிசளிப்பது வழக்கம். அவை ஒல்லாந்துக்குப் போய்ப் பணக்காரர்களின் வீட்டு உடுப்பாகின. வெர்மீர் 1669இல் வரைந்த 'புவியியலாளர்' ஓவியத்தில் அந்த மனிதர் போட்டிருப்பதும் இந்த மாதிரி அங்கிதான். கேள்வி கூடியது, வந்தது போதவில்லை. ஆகவே அதே மாதிரியை சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியிலும் தைத்தார்கள். ஆங்கிலேயர் அந்த அங்கியை 'பன்யன்' என்றார்கள். குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல் அது. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் பிறகு உள்ளே போடும் சட்டைக்கு இறங்கியது. ஆம், நம் வீட்டுக் கொடியில் காயும் பெனியன்தான்!

ஐரோப்பியப் பெண்களுக்குத்தான் இதன் பெரிய பலன் பிந்தி வந்தது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இறுக்குக் கச்சால் இடுப்பைக் கட்டி மூச்சுத் திணறியவர்கள் அவர்கள். 1900இல் சதா யக்கோ என்ற ஜப்பானிய நடிகை பரிஸில் மேடையேறியதும் அவர் பெயரிலேயே கிமோனோக்கள் விற்பனையாகின. அடுத்த சில வருடங்களில் போல் புவாரே கச்சைக் கைவிட்டு, தோளிலிருந்து விழும் நேர்வெட்டு அங்கிகளைத் தைத்தார். மதலேன் வியோனே நீள்சதுரத்தையும் வட்டத்தையும் வைத்தே உடுப்பு அமைத்தார். உடையின் பாரம் இடுப்பிலிருந்து தோளுக்கு மாறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு இருபது வருடம் முன்னர்தான், முன்னேறிய நாடு என்று காட்டுவதற்காக, ஜப்பானிய அரசவைப் பெண்கள் கிமோனோவைக் கழற்றிவிட்டுக் கச்சுக்குள் புகுந்திருந்தார்கள்! 1887இல் பேரரசியே மேலை உடுப்பைப் பரிந்துரைத்தார். ஒருவர் கழற்றியதை மற்றவர் எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது ஜப்பானில் கிமோனோ பெரும்பாலும் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் உரியது. இஸ்ஸே மியாகே, ரெய் கவாகுபோ, யோஜி யமமோத்தோ போன்றவர்கள் 1970கள், 80களில் பரிஸுக்குக் கொண்டுபோனதும் கிமோனோவை அல்ல. துணிக்கும் உடம்புக்கும் இடையில் அது விடும் இடைவெளியைத்தான்.

2019 ஜூனில் அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடை வியாபாரத்துக்கு 'கிமோனோ' என்று பெயர் வைத்து, அதை வணிகக்குறியாகப் பதியவும் விண்ணப்பித்தார். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடைக்கு இந்தப் பெயர்! கியோத்தோ நகர மேயர் கடிதம் எழுதினார். எனக்குப் பிடித்தது அவர் எழுதிய விதம். இது எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று அவர் சொல்லவில்லை. கிமோனோவை நேசிக்கும் எல்லோருக்கும் பொதுவான சொத்து, அதனால் ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். இரண்டு மாதத்தில் பெயர் மாறியது. சாந்தோம் துணியை உடுத்து, தன் வெட்டை உலகத்துக்குக் கொடுத்த ஊரிலிருந்து வேறு என்ன பதில் வரும்?

மகள் அந்த அபாயாவைத்தான் எடுத்தாள். நிறம் கருநீலம். கை மட்டும் கொஞ்சம் நீளம், டெய்லரிடம் கொடுத்திருக்கிறோம். தையல் வகுப்பில் 'கிமோனோ கை' வெட்டப் பழகிய ராத்தாமார் யாராவது இருந்தால், எந்த வருடம், யாரிடம் பழகினீர்கள் என்று எழுதுங்கள்.