கங்காணிச் சீட்டு முதல் சிவப்புக் கார்டு வரை

ஈப்போ நகரத்துப் புந்தோங்கிலோ, சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலோ முதியோர் ஒருவரை அணுகி அவர் குடும்ப வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக் கணக்கு சொல்லமாட்டார். "அப்பா ரஜூலா கப்பலில் வந்தார், சித்தப்பா அறுபத்தொன்பதுக்குப் பிறகு போய்விட்டார், எனக்கு நீலக் கார்டு, அம்மாவுக்குக் கடைசி வரை சிவப்புக் கார்டுதான்" என்பார். ஒரு கப்பல், ஒரு சட்டம், இரண்டு நிறக் கார்டுகள். பேராக் தமிழரின் நூற்றாண்டு வரலாறு இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

மக்கள் இடம்பெயர்வதற்கு வறுமையும் கூலியுமே காரணம் என்று பொதுவாகக் கூறுவர். அது பாதி உண்மையே. யார் வரலாம், யார் தங்கலாம், யார் திரும்ப வேண்டும் என்பதை அரசியலும் எல்லைச் சட்டங்களும் முடிவு செய்தன. அவற்றின் விளைவு பல வேளைகளில் சட்டம் இயற்றியோர் எண்ணியதற்கு மாறாகவும் அமைந்தது. இதனைப் பேராக் மாநிலத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறந்திருந்த வாயில்

1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் பிரிட்டிஷ் ஆதிக்கம் ஏற்பட்டது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை இடப்பட்ட இந்நாட்டின் முதல் ரயில் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப்பிரிவுகள் வந்தன. கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகள் வந்தனர். 'ஜன்ஜி' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி என்பது பொருள். அச்சொல்லே தமிழர் வாயில் சஞ்சியாயிற்று. ஒப்பந்தத்தால் கட்டுண்ட அந்த முறை கொடுமை மிகுந்தது. 1910-இல் அதன்வழி ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

அதற்குள் ரப்பர் தலையெடுத்துவிட்டது. காடழித்துப் பால்மரம் நட்ட தோட்டத் துரைமார்களுக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். கங்காணி முறை செழித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே உரிமச்சீட்டுடன் தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்கள் இவ்வாறு பேராக் தோட்டங்களோடு பிணைக்கப்பட்டன. வேலைக்கு வரும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. 1907-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரிடமும் வரி பெற்று ஒரு நிதி அமைக்கப்பட்டது. அந்நிதியே கப்பற்செலவை ஏற்றது.

நாகப்பட்டினத்தில் ஏறியவர் பினாங்கில் இறங்குவார். தொற்றுநோய்த் தடுப்புக்காகச் சில நாள் ஜெரெஜாக் தீவில் வைக்கப்படுவார். பிறகு ரயிலேறி ஈப்போ வருவார். நாகையும் பினாங்கும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தமையால் தமிழர் அந்நியராகக் கருதப்படவில்லை. 1933-இல் அந்நியர் சட்டம் வந்தபோது அது சீனரின் வரவைக் கட்டுப்படுத்தியது. பிரிட்டிஷ் பிரஜையாகிய இந்தியரைத் தொடவில்லை.

வாயில் திறந்திருந்தமையால் மக்கள் வேரூன்றவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. வந்தவர்களிற் பெரும்பாலோர் சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பினர். பணம் கரைந்ததும் மீண்டும் வந்தனர். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது மலாயா இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இங்குப் பிறந்தவர்.

இந்தியா அடைத்த கதவு

1922-இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து தொழிலாளர் நலனைக் கவனிக்கலானார். மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கு இவ்விதியே காரணம். நாட்டுக்கு நாடு செல்லும் தொழிலாளரைப் பற்றிய ஒரு சட்டம் கரும்பலகையாகவும் வாங்குப்பலகையாகவும் உருமாறியதைத் தமிழாசிரியர்கள் மறத்தல் கூடாது.

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. ஆள் சேர்ப்பது நின்றது. வேலையற்றோர் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். தொழிலாளி, மடையைத் திறந்தால் வந்து அடைத்தால் நிற்கும் நீராகவே மதிக்கப்பட்டான். 1936-ஆம் ஆண்டு இறுதியில் இங்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1938-இல் மறுபடி விலை சரிந்து கூலி குறைக்கப்பட்டபோது இந்திய அரசு பொறுக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் திங்களில், உதவிச் செலவில் மலாயா செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்தைத் தடுத்தது.

இத்தடை தொழிலாளரைக் காக்க எழுந்தது. ஆயினும் அதன் விளைவு வேறொன்றாயிற்று. இனி ஊருக்குப் போனால் திரும்ப முடியுமோ என்ற ஐயம் லயங்களில் குடிகொண்டது. பின்னர் போர் மூண்டு கடல்வழியும் அடைபட்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். எஞ்சியோர் இங்கேயே மணந்து இங்கேயே மக்களைப் பெற்றனர். 1947-இல் இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மண்ணில் பிறந்தவர். 1957-இல் அப்பங்கு மூன்றில் இரண்டை நெருங்கியது. வழிப்போக்கனைக் குடிமகனாக்கியவற்றுள் அடைக்கப்பட்ட கதவும் ஒன்று என்று துணிந்து கூறலாம்.

நாட்டுக்குள் எழுந்த எல்லைகள்

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. சிதறியிருந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டது. மரம் சீவப் போகும் பெண், உணவுப் பொருள் கடத்துகிறாளோ என்று வேலி வாயிலில் சோதிக்கப்பட்டாள். அதுவரை துறைமுகத்தில் இருந்த எல்லை பெரட்டுக் களத்துக்கே வந்துவிட்டது.

1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வெளியிலிருந்து தொழிலாளர் வருவதைப் பெரிதும் தடுத்தது. இவ்வாறு இரு கரையிலும் கதவு சாத்தப்பட்டது.

1957-இல் விடுதலை வந்தது. மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பின்னும் இங்குப் பிறந்தோர் பிறப்பாலே குடிகளாயினர். (1962-இல் இவ்விதி திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ உடையவராதல் வேண்டும் என்றாயிற்று.) முன்னரே இங்கிருந்தோர் விண்ணப்பிக்க வேண்டும்; மலாய் மொழி அறிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வு தளர்த்தப்பட்டது. அந்த ஓராண்டைப் பயன்படுத்திக்கொண்டோர் பலர்; தவறவிட்டோரும் பலர். படிவம் நிரப்பத் தெரியாதவர், பட்டணத்து அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், ஊரிலுள்ள காணி நிலம் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சியவர் ஆகியோர் ஒதுங்கி நின்றனர்.

இதே காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. அதனை எதிர்கொள்ள, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளியின் சிறுபங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் முயற்சி அது. நிலமற்றவன் எளிதில் பெயர்க்கப்படுவான் என்பதை உணர்ந்து செய்த பணி அஃதாகும்.

ஒதுங்கி நின்றோர்க்கு 1969 பேரிடியாக வந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டு பெற வேண்டும். முப்பது ஆண்டு மரம் சீவியவர் தம் சொந்த நிரையிலேயே அந்நியரானார். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாடு விட்டுச் சென்றதாக ஆய்வாளர் கணக்கிடுவர். 1926 முதல் ஆட்களை ஏற்றி வந்த ரஜூலா, தன் கடைசி ஆண்டுகளில் அவர்களைத் திரும்ப ஏற்றிச் சென்றது. தமிழகத்தைக் கண்டிராத பிள்ளைகள் 'தாயகம் திரும்பினர்' என்று ஏடுகளில் பதிவாயினர்.

ஐரோப்பாவிலும் அதே பாடம்

இது நமக்கு மட்டுமே நேர்ந்ததன்று. முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் கடவுச்சீட்டின்றியே பயணம் செய்யலாம். போர் அந்த வழக்கத்தை ஒழித்தது. இந்தியா குடிபெயர்வுச் சட்டம் இயற்றிய அதே 1922-இல், நாடற்ற ருஷ்ய அகதிகளுக்காக நான்சன் கடவுச்சீட்டு தோன்றியது. காகிதம் இல்லாதவன் மனிதனாக நடமாட முடியாத காலம் இரு கண்டங்களிலும் ஒருங்கே பிறந்தது எனலாம்.

மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை அழைத்தது. சில ஆண்டு உழைத்துத் திரும்புவர் என்பது எண்ணம். 1973-இல் ஆள் சேர்ப்பதை நிறுத்தியபோது, போனால் வரமுடியாது என்றறிந்த துருக்கியர் பலர் தங்கிவிட்டனர். மனைவி மக்களையும் வரவழைத்தனர். நம் 1938-இன் கதையே அங்கு மறுமுறை நடந்தது. ஆயினும் அங்குப் பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் பிறப்புவழிக் குடியுரிமை 2000-ஆம் ஆண்டில்தான் வாயிலைத் திறந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. 1985-இல் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையால் உள் எல்லைகள் கரைந்தன. வெளி எல்லையோ மேலும் இறுகியது. ஆளை அழைப்பது பொருளாதாரம்; அவனுக்குப் பெயரிடுவது அரசியல்.

நாம் செய்யத்தக்கது

இன்று பேராக்கில் பால்மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்களை நோக்கும் நம் பார்வையில் அந்த நினைவு இருத்தல் வேண்டும்.

சிவப்புக் கார்டுச் சிக்கலும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2018-இல், அறுபது வயதைக் கடந்த இந்தியச் சிவப்புக் கார்டுக்காரர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசு அறிவித்தது. விடுதலை பெற்று அறுபது ஆண்டுக்குப் பின்னும் அவ்வறிவிப்பு தேவைப்பட்டதே நம் சிந்தனைக்குரியது.

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோட்டங்கள் மூடப்படும்போது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆஸ்பத்திரிக் கொட்டகைக் குறிப்பு, செக்ரோல் புத்தகம் ஆகியன குப்பைக்குப் போகின்றன. பிறப்புச் சூரத்து இல்லாத ஒருவர்க்கு, அவர் இன்ன தோட்டத்துப் பிள்ளை என்பதற்கு அவற்றுள் ஒரு வரியே சான்றாக உதவக்கூடும். ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய பதிவேடுகளைக் காத்து, படி எடுத்து வைக்கட்டும். மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்தக் கார்டு என்று கேட்டு எழுதி வரட்டும். காகிதம் இல்லாமையால் அந்நியராக்கப்பட்ட மக்களின் வரலாறாவது காகிதத்தில் நிலைபெறட்டும்.