பாலாறு முதல் படான்செரு வரை: கழிவுநீர் சொல்லும் வரலாறு

சித்தூர், திருப்பதித் தமிழர்களாகிய நமக்கு எல்லைக்கோடு மாறுவது புதிதல்ல. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. கோடு மாறினாலும் தண்ணீர் தன் வழியை மாற்றவில்லை. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறக்கும் பொன்னையாறு இன்றும் தமிழ்நாட்டுக்குள் இறங்கிப் பாலாற்றில்தான் கலக்கிறது.

"ஆத்துல விட்டா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்" என்பது பழைய நம்பிக்கை. அது பொய் என்று பாலாறு காட்டியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் போதும் என்ற எண்ணமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அது போதுமா?

விடை ஹைதராபாத் அருகே படான்செருவில் கிடைத்தது. 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். என்ற அரசு நிறுவனம் ஹைதராபாத்தில் மருந்துத் தொழிலுக்கு வித்திட்டது. பின்னர் தனியார் ஆலைகள் பெருகின. படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து வெளியேறிய "சுத்தமான" நீரை ஸ்வீடன் விஞ்ஞானி யோகிம் லார்சன் குழுவினர் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ. 500 மில்லிகிராம் மாத்திரையாக்கினால் 90,000 மாத்திரை. 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் நாடு ஐந்து நாளில் சாப்பிட்ட அளவு அது.

இதில் விபரீதம் என்னவென்றால், கழிவுநீரைச் சுத்தம் செய்வதே பாக்டீரியாக்கள்தான். அவற்றுக்குத் தீனியாக வீட்டுச் சாக்கடை நீரையும் அங்கே கலந்தார்கள். மனிதக் குடல் கிருமியும் மருந்தும் ஒரே தொட்டியில் நாள்கணக்கில் ஊறினால் என்னாகும்? மருந்துக்கு அசராத கிருமிதான் மிஞ்சும். தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். 2013இல் வெளியான ஆய்வில், அந்நிலையத்தில் எடுத்த பாக்டீரியாக்களில் 86 சதவீதம் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்த்தன. ஆலைக் கழிவிலுள்ள உலோகங்களும் இதற்குத் துணைபோகும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பல சமயம் ஒட்டியே பயணம் செய்கின்றன.

பழியெல்லாம் ஒரு நிலையத்தின் மேல் போடுவது நியாயமல்ல. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கும் நம் பழக்கத்துக்கும் பங்குண்டு. முன்பு டைபாய்டுக்குக் கேட்ட சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் பெரும்பாலும் கேட்பதில்லை. திருப்பதி ருயா, சுவிம்ஸ், வேலூர் சி.எம்.சி. என்று எங்கே போனாலும், கேட்கிற மருந்து இருந்தால்தானே டாக்டர் கொடுப்பார்?

ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் அளவுக்கு 2020இல் மத்திய அரசு வரைவு வரம்பு வெளியிட்டது. 2021 இறுதி அறிவிக்கையில் அந்த வரம்பு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வழிகாட்டுதல் தந்துள்ளது. நம் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அறிக்கையைப் பார்க்கும்போது பி.ஓ.டி., சி.ஓ.டி. கணக்கோடு நில்லாமல், "இதில் மருந்து எவ்வளவு?" என்றும் கேட்போம். எல்லையின் இரு பக்கமும் கேட்க வேண்டிய கேள்வி அது.