அஞ்சல் உறையிலிருந்து பட்டம் வரை: தொலைதூரக் கல்வியில் பிரெஞ்சும் ஜெர்மனும்

முன்னுரை

வரலாற்றையும் சட்டத்தையும் அச்சிட்ட பாடங்களைக் கொண்டே பெருமளவு கற்றுவிட முடியும். மொழிக்கு அது போதாது. காது பழக வேண்டும், நாக்கு பழக வேண்டும், பிழையாகப் பேசினால் திருத்த ஒருவர் வேண்டும். வகுப்பறைக்கு வராத மாணவருக்கு இம்மூன்றையும் எப்படிக் கொடுப்பது? பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளைத் தொலைவிலிருந்து கற்றுப் பட்டம் பெறும் வழி இக்கேள்விக்கு விடை கிடைத்த அளவுக்கே விரிந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தாளில் ஏறிய ஒலி

இவ்வரலாற்றின் முக்கியமான தொடக்கம் 1856இல் பெர்லினில் நிகழ்ந்தது. சார்ல்ஸ் தூசேன் என்ற பிரெஞ்சு ஆசிரியரும் குஸ்தாவ் லாங்கென்ஷைட்டும் சேர்ந்து, பிரெஞ்சு மொழியைக் கடிதங்கள் வழியே கற்கும் பாடத்தை உருவாக்கினர். பதிப்பகங்கள் ஏற்க மறுக்கவே, லாங்கென்ஷைட் தாமே பதிப்பகம் தொடங்கினார். பிரெஞ்சு வரி, அதன்கீழ் உச்சரிப்புக் குறியீடு, அதன்கீழ் சொல்லுக்குச் சொல் ஜெர்மன் பொருள் என்று பாடம் அமைந்தது. ஆசிரியரின் குரல் எட்டாத மாணவர், நடு வரியைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கலாம். ஆனால் அவர் படித்தது சரியா என்று சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1873இல் அன்னா டிக்னர் தொடங்கிய, பெண்களுக்கான வீட்டுக்கல்விச் சங்கத்தில் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் தனித்தனித் துறைகள் இருந்தன. ஆசிரியைகள் மாணவியரோடு கடிதத் தொடர்பு வைத்து வழிகாட்டினர். எனினும் சங்கம் பட்டம் வழங்கவில்லை.

தேர்வு மட்டும் நடத்திய பல்கலைக்கழகம்

பட்டத்துக்கான கதவை 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் திறந்தது. எந்தக் கல்லூரியிலும் சேராமல், தேர்வில் மட்டும் வென்று பட்டம் பெறலாம் என்றானது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 வரை தன் மாணவர்களை லண்டனின் வெளிநிலைப் பட்டங்களுக்கே ஆயத்தம் செய்தது. ஆனால் வெளிநிலை மாணவருக்குப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. அந்த வெற்றிடத்தை வில்லியம் பிரிக்ஸ் 1887இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்லூரி போன்ற தனியார் நிறுவனங்கள் நிரப்பின. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் தபாலில் திருத்தப்பட்டன. பேச்சைத் தபாலில் அனுப்ப அப்போது வழியில்லை.

லிங்குவாஃபோன் என்ற மொழிப்பாட நிறுவனம் 1901இல் லண்டனில் தோன்றி, ஒலிப்பதிவுகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. கேட்கும் குறை தீர்ந்தது. மாணவர் பேசுவதைக் கேட்க ஆளில்லாத குறை அப்படியே நின்றது.

குரல் இருவழியானது

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் வகுப்புகளைத் தொடங்கியது. கலை, சமூக அறிவியல், கணிதம், அறிவியல் என நான்கு அடிப்படைப் பாடங்கள் முதலில் வந்தன. மொழிகளுக்கு அப்போது இடமில்லை. நவீன மொழிகளுக்கான மையம் 1991இல்தான் அமைந்தது; பிரெஞ்சு 1995இலும் ஜெர்மன் 1997இலும் பாடங்களாயின. தொலைக்காட்சி வழியே கற்பித்த பல்கலைக்கழகமே மொழிகளுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது கவனிக்கத்தக்கது.

இப்பாடங்களில் புத்தகத்தோடு ஒலிநாடாவும் ஒளிநாடாவும் வந்தன. மாணவர் தம் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஆசிரியருக்கு அஞ்சலில் அனுப்புவார். ஆசிரியர் கேட்டு, உச்சரிப்பையும் இலக்கணத்தையும் பற்றிய கருத்துகளைத் தம் குரலிலேயே பதிந்து திருப்பி அனுப்புவார். தாமதமாக வந்தாலும், தம் பேச்சுக்கான விடை மாணவர் காதில் விழுந்தது. பிரெஞ்சு கற்போருக்குப் பிரான்சின் கான் (Caen) நகரிலும் ஜெர்மன் கற்போருக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலும் கோடைக்கால முகாம்கள் நடந்தன. 2000களின் தொடக்கத்தில் இணையவழிக் குரல் வகுப்புகள் வரவே, அந்தத் தாமதமும் நீங்கியது.

முடிவுரை

தாளும் இசைத்தட்டும் தொலைக்காட்சியும் ஒலியையோ அதன் குறியீட்டையோ மாணவரிடம் சேர்த்தன. அவை மட்டும் மொழிப் பட்டத்துக்குப் போதவில்லை. மாணவரின் குரல் ஆசிரியரை எட்டிய பிறகே தொலைதூர மொழிக் கல்வி முழுமை பெற்றது. ஆகவே இன்று தொலைவிலிருந்து பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்க விரும்புவோர், பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதோடு நில்லாமல், தாம் பேசுவதைக் கேட்டுத் திருத்தும் ஆசிரியர் அங்கே உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பட்டம் மொழியை வாசிக்கத் தெரிந்தவர் என்பதற்கான சான்றாக மட்டுமே அமையும்.