வேதியியல் வகுப்பிலிருந்து கிரீன் பே வரை: வின்ஸ் லொம்பார்டி

சென்ற ஆண்டு ஒரு பயிலரங்கில் திரையில் ஒரு வாசகத்தைப் போட்டார்கள். வெற்றியைத் தவிர வேறு எதுவுமே முக்கியமில்லை என்பது அதன் பொருள். கீழே வின்ஸ் லொம்பார்டி என்று பெயர். “யாரு டீச்சர் இவரு?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர் என்பதற்கு மேல் எனக்கும் அப்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த வாசகத்தை அவருக்கு முன்பே ரெட் சாண்டர்ஸ் என்ற இன்னொரு பயிற்றுநர் சொல்லிவிட்டார். அதைவிட என்னைப் பிடித்து இழுத்தது வேறொன்று. இந்த லொம்பார்டி எட்டு ஆண்டுகள் நம்மைப் போல இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அதை ஏன் அந்தத் திரையில் போடவில்லை?

1913இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு இறைச்சி வியாபாரம். பையன் பாதிரியாராகப் போகிறேன் என்று படிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். ஃபோர்டாம் பல்கலைக்கழக அணியில் ஆடிப் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படிக்கப் போனார், அதையும் விட்டார். 26 வயதில் கையில் நிலையான வேலை இல்லாத இளைஞர். நம் முன்னாள் மாணவர்களில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறோம்!

1939இல் ஒரு பழைய அணி நண்பர் அழைத்ததால் நியூஜெர்சி மாநிலத்தின் எங்கல்வுட் ஊருக்குப் போனார். அங்கே செயின்ட் சிசிலியா என்ற சிறிய கத்தோலிக்கப் பள்ளி. காலையில் லத்தீன், வேதியியல், இயற்பியல் பாடங்கள். மாலையில் திடலில் துணைப் பயிற்றுநர். 1942இல் தலைமைப் பயிற்றுநர் ஆனார். கூடைப்பந்து அணியும் அவர் தலையில்தான் விழுந்தது. (புறப்பாடப் பொறுப்புகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) வகுப்பில் கடைசி மாணவனுக்குப் புரியும்வரை அடுத்த பாடத்துக்கு நகராத பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. பிற்காலத்தில் அவருடைய வீரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது ‘ஆசிரியர்’ என்ற சொல்லைத்தான் அடிக்கடி பயன்படுத்தினார்கள்.

1947இல் ஃபோர்டாமுக்கே திரும்பினார். 1949இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ரெட் பிளேய்க்கிடம் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். ஆட்டப் படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது, தேவையற்றதை வெட்டி எறிவது, இரண்டையும் பிளேய்க்கிடம் கற்றார். 1951இல் தேர்வு மோசடிச் சிக்கலில் பிளேய்க்கின் சொந்த மகன் உட்பட அணியின் பெரும்பகுதியே கல்லூரியை விட்டு நீக்கப்பட்டது. எஞ்சியவர்களை வைத்து மறுபடி அடியிலிருந்து அணியைக் கட்டினார்கள்.

1954இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் துணைப் பயிற்றுநராக. அனுபவமுள்ள வீரர்கள் முதலில் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்தவர்தானே! லொம்பார்டி என்ன செய்தார்? இரவில் அவர்கள் அறைக்கே போய், எந்த ஆட்டமுறை இங்கே எடுபடும், எது எடுபடாது என்று கேட்டார். 1956இல் ஜயன்ட்ஸ் வாகை சூடியது. ஆனாலும் தலைமைப் பதவிகள் அவரைத் தாண்டித் தாண்டிப் போயின. தன் இத்தாலியப் பெயர்தான் தடை என்று அவர் நம்பினார்.

1959இல்தான் கதவு திறந்தது. அதுவும் எங்கே? விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்ற சிற்றூரில். முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி பெற்ற பேக்கர்ஸ் அணி. லொம்பார்டிக்கு வயது 45. பயிற்றுநர் வேலை தொடங்கி 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அங்கே அவர் முதலில் கற்பித்தது ‘ஸ்வீப்’ என்ற ஒரே ஓட்டமுறை. எளிதாகச் சொன்னால், காவல் வீரர் இருவர் தம் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடி வழி திறப்பார்கள். பந்தை ஏந்தியவர் பின்னால் வந்து, எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே நுழைவார். எதிரணிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் பதினொரு பேருக்கும் தத்தம் வேலை அத்துப்படி. பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநரான ஜான் மேடன் இளைஞராக இருந்தபோது ஒரு பயிலரங்குக்குப் போனார். இந்த ஒரு ஓட்டமுறையைப் பற்றி மட்டும் லொம்பார்டி எட்டு மணி நேரம் பேசினாராம். தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது அன்றுதான் உறைத்தது என்று மேடன் சொல்லிச் சிரிப்பார்.

பார்ட் ஸ்டார் கதையையும் சொல்லியாக வேண்டும். 1956 வீரர் தேர்வில் 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், கூச்ச சுபாவம். ஒருநாள் லொம்பார்டி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தார். ஸ்டார் தனியே அவர் அறைக்குப் போய், ‘நான் அணியை வழிநடத்த வேண்டியவன், திட்டுவதானால் இங்கே வைத்துத் திட்டுங்கள்’ என்ற பொருளில் பேசினார். அதன்பின் லொம்பார்டி அவரைப் பிறர் முன் திட்டியதே இல்லை. லொம்பார்டியின் கத்தல் பேர்போனது. நம் வகுப்பில் அப்படிக் கத்தினால் மறுநாளே பெற்றோர் அலுவலகத்தில் வந்து நிற்பாங்க. அந்தக் குணத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மாணவன் சொன்னதைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்டாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. கறுப்பின வீரர்களுக்கு இடம் தராத உணவகத்துக்குத் தன் அணியிலிருந்து ஒருவரும் போகமாட்டார்கள் என்று ஊருக்குள் சொல்லிவைத்தவரும் அவரே.

1960 இறுதியாட்டத்தில் 17-13 என்று தோற்றார்கள். அதற்குப்பின் 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து வாகை. முதல் இரண்டு சூப்பர் பவுல்களும் இதில் அடக்கம். இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் அந்த 200ஆவது ஆள்தான்.

1968இல் பயிற்சியை விட்டுவிட்டு நிர்வாகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க அவரால் முடியவில்லை. 1969இல் வாஷிங்டன் அணிக்குப் போனார். 1955க்குப் பிறகு முதன்முறையாக அந்த அணி தோல்விகளைவிட அதிக வெற்றிகள் பெற்றது. அடுத்த பருவம் தொடங்கும் நேரத்தில், 1970 செப்டம்பர் 3 அன்று, பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 57. இன்று சூப்பர் பவுல் கோப்பைக்கு அவர் பெயர்.

படிவம் 4 மாணவர்களிடம் நான் இதைக் காலக்கோடாக வரையச் சொன்னேன். 1939க்கும் 1959க்கும் இடையில் கோடு நீண்டுகொண்டே போனது. “டீச்சர், இவ்வளவு நாளா சும்மாவா இருந்தாரு?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். அந்த இடைவெளியில் என்னென்ன நடந்தது என்று அவனையே எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதினான்.