லிங்கியூவிலிருந்து குளிரூட்டும் கோபுரம் வரை

ஜொகூர் ஆறு பெரிய ஆறல்ல. வட ஜொகூரின் மலைப்பக்கம் பிறந்து, செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடே இறங்கி, கோத்தா திங்கி ஊரைத் தொட்டுக்கொண்டு போய் ஜொகூர் நீரிணையில் கலந்துவிடுகிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை சுமார் 120 கிலோமீட்டர்தான். மழை குறைந்த மாதங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும். உப்பு ஏறிவிட்டால் கரையிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் நீர் எடுக்க முடியாது. அந்த உப்பைக் கீழே தள்ளிவைக்கத்தான் துணையாறான லிங்கியூவின் குறுக்கே அணை கட்டினார்கள். 1990இல் ஜொகூருடன் செய்த உடன்பாட்டின்படி சிங்கப்பூர் கட்டிய அணை அது. 2016 அக்டோபரில் அதன் நீர்மட்டம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஆண்டெல்லாம் மழை பெய்கிற ஊர் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது இது.

இந்த ஆற்றுநீரின் ஒரு பங்கு பாலம் தாண்டிப் போகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். இந்த 3 சென் பற்றிப் பல ஆண்டுகளாக இரு நாடுகளும் வாதாடிவருகின்றன. அக்கரை சேர்ந்த நீர் அங்கே என்ன ஆகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

அங்கே வீட்டுக்குழாயில் வந்த நீர் குளித்து, துவைத்து, கழிவறை வழியாகச் சாக்கடைக்குப் போனபிறகும் முழுவதும் கடலுக்குப் போய்விடுவதில்லை. நுண்சவ்வு வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என மூன்று கட்டங்களைத் தாண்டி நியூவாட்டராக மறுபடி குழாயில் ஏறுகிறது. 2003இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அந்த நீரில் பெரும்பங்கைச் சில்லு செய்யும் ஆலைகளும் மற்றத் தொழிற்கூடங்களும் வாங்குகின்றன. சிலிக்கன் தகட்டைக் கழுவ உப்பே இல்லாத நீர் வேண்டும். அதற்கு ஆற்றுநீரைவிட இதுவே தோது. ஆலை பயன்படுத்திய நீர் திரும்பவும் சாக்கடைக்கு, அங்கிருந்து மீண்டும் சவ்வுக்கு. நம் ஆற்றில் புறப்பட்ட நீர் அக்கரையில் பலமுறை உழைக்கிறது. இக்கரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை உழைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

இக்கரையில் இன்று தண்ணீர் கேட்டு வரிசையில் நிற்பவை தரவு மையங்கள். செடேனாக், கூலாய் பக்கம் போனால் ஜன்னலில்லாத நீண்ட கட்டடங்களைப் பார்க்கலாம். உள்ளே கணினிகள் தின்கிற மின்சாரம் அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு வருவது குழாய்க்குள் சுற்றிச்சுற்றி ஓடும் குளிர்நீர். அது மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பினால் நெடுநாள் ஓடும், குறைவது சொற்பம். சிக்கல் அடுத்த கட்டத்தில். உள்சுற்றின் வெப்பத்தை இன்னொரு நீரிடம் கைமாற்றி, அந்த நீரைக் கட்டடத்துக்கு வெளியேயுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து மழைபோல் கொட்டவிடுகிறார்கள். விசிறி காற்றை மேலே இழுக்கிறது. நீரில் ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. மிச்சம் குளிர்ந்து அடித்தொட்டியில் விழுகிறது.

எவ்வளவு ஆவியாகும் என்பதை இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். ஒரு மெகாவாட் வெப்பம் முழுவதையும் ஆவியாக்கியே போக்கினால் மணிக்கு 1,500 லிட்டர், நாளுக்கு 36,000 லிட்டர். மலேசியரின் வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் 150 பேர் அளவு. நூறு மெகாவாட் மையம் என்றால் ஒரு சிறுநகரம் அளவு.

ஆவியாவது தூய நீர் மட்டுமே. உப்பு, சுண்ணாம்பு, சிலிக்கா எல்லாம் தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் அடர்த்தி கூடும். அளவு மீறினால் வெப்ப மாற்றியில் சுண்ணாம்புப் படலம் கட்டும், குழாய் அரிக்கும். அதனால் கொஞ்சத்தை வடித்துவிட்டுப் புதுநீர் சேர்க்க வேண்டும். உப்பு மூன்று மடங்கு ஏறும்போது வடித்தால், 100 லிட்டர் ஆவிக்கு 50 லிட்டர் வீண். ஆறு மடங்கு வரை தாக்குப்பிடிக்க வைத்தால் 20 லிட்டர்தான் வீண். நல்ல பராமரிப்பும் சரியான மருந்தும் செய்கிற வேலை இது. வடித்த நீரையும் சவ்வில் செலுத்திப் பெரும்பகுதியை மீட்கலாம். ஆனால் ஆவியாய்ப் போனது போனதுதான். அந்த இழப்பை ஈடுகட்ட ஆற்றுநீரை ஊற்றுவதா, ஏற்கெனவே ஒருமுறை புழங்கிய நீரை ஊற்றுவதா என்பதே கேள்வி.

புழங்கிய நீர் நம்மிடம் நிறையவே இருக்கிறது. தாமான் வீடுகளின் கழிவுநீரை இண்டா வாட்டர் நிறுவனத்தின் நிலையங்கள் சுத்திகரித்து ஆற்றில் விடுகின்றன. அதையே மேலும் வடித்துக் கோபுரத்துக்குக் கொடுக்கலாம். அம்மோனியாவை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்கருவியின் செம்புக் குழாயைத் தின்றுவிடும். பாஸ்பேட் படலம் கட்டும். கிருமியைக் கொல்லாமல் விட்டால் கோபுரத்துச் சாரலில் நோய் பரவும். இத்தனைக்கும் கைகண்ட தொழில்நுட்பம் இருக்கிறது. ஜொகூரில் இதற்கான திட்டங்கள் அறிவிக்கப்பட்டும் இருக்கின்றன. அவை விரைவாக நடைமுறைக்கு வர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. நீரை எத்தனை முறை சுற்றவிட்டாலும் கடைசியில் ஒரு மிச்சம் நிற்கும்: கெட்டி உப்புநீர், சேறு. தமிழ்நாட்டின் சாயப்பட்டறை நகரான திருப்பூர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் சொட்டு நீரும் வெளியேறாத முறை அங்கே வேரூன்றியது. நீரைச் சவ்வில் மீட்டு, எஞ்சியதைக் காய்ச்சி, கிடைத்த உப்பை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். செலவு அதிகம், மின்சாரமும் அதிகம். அப்படியும் காய்ச்சி முடித்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கியது.

மிச்சத்தைக் கணக்கில் வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குப் புரியவைக்கத் திருப்பூர் தேவையில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாக யாரோ கொட்டிய இரசாயனக் கழிவில் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடிப் போனார்கள்.

நீரை அதிகம் இழுக்கின்றன என்று சொல்லி, முதலிரண்டு தரத் (டயர் 1, டயர் 2) தரவு மையங்களுக்கு இனி அனுமதியில்லை என்று 2025இல் ஜொகூர் அரசு அறிவித்தது. சரியான முடிவு. ஆற்றுநீரில் முதல் உரிமை குடிக்கிற வீடுகளுக்கு. ஆலைக்கும் கணினிக்கும் புழங்கிய நீரே போதும். உங்கள் வட்டாரத்துக்குப் புதிய ஆலையோ தரவு மையமோ வருவதாகச் செய்தி வந்தால், வேலை எத்தனை பேருக்கு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது, வடித்த மிச்சம் எங்கே போகிறது என்று நகராண்மைக் கழகத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்திலேயே கேளுங்கள்.